கிளப்புக்கு இழப்பு, முதலாளிக்கு ஆதாயம்: கால்பந்துத் தொழிலின் கணக்கு

(சூளூர்பேட்டையில் நடைபெற்ற கட்சி உறுப்பினர் பயிற்சி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

இன்றைய வகுப்புக்கு எனக்குத் தரப்பட்ட கேள்வி இதுதான்: ஒரு தொழில்முறைக் கால்பந்து கிளப்பை உடைமையாக வைத்திருப்பது லாபம் தருமா? விலைவாசி, வேலையின்மை, நிலப்பறிப்பு எனப் பேச வேண்டியவை எத்தனையோ இருக்க, பந்தைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். 2025 ஆகஸ்டில் இந்தியாவின் முன்னணிக் கால்பந்து கிளப்புகள் சில, தம் வீரர்களுக்கும் ஊழியர்களுக்கும் ஊதியம் தருவதை நிறுத்தின. "இழப்பு ஏற்படுகிறது, என்ன செய்வது?" என்பதே அவர்கள் சொன்ன காரணம். இந்த வாசகம் நமக்குப் புதிதல்ல. ஆலை மூடப்படும்போதும், ஒப்பந்தத் தொழிலாளர் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்படும்போதும் இதையே கேட்கிறோம். ஆகவே, இழப்பு என்று ஒரு முதலாளி சொல்லும்போது அது யாருடைய இழப்பு, எந்தக் கணக்கில் வரும் இழப்பு என்று ஆராயும் பழக்கம் நமக்கு வேண்டும். அதற்குக் கால்பந்து நல்லதொரு பாடம்.

சுருக்கமான விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிளப் என்ற நிறுவனம் ஆண்டுக் கணக்கில் லாபம் காட்டுவது உலகெங்கும் அரிது. ஆனால், கிளப்பின் உடைமையாளர் ஆதாயம் அடையும் வழிகள் வேறு பல உள்ளன. அந்த வழிகள் அடைபடும்போது அவர் வெளியேறிவிடுகிறார். அப்போது மிஞ்சும் சுமை வீரர்கள் மீதும், ஊழியர்கள் மீதும், ரசிகர்கள் மீதும் விழுகிறது.

தொழிலாளர்கள் பெற்றெடுத்த ஆட்டம்

தொழில்முறைக் கால்பந்து பிறந்த இடம் இங்கிலாந்தின் ஆலை நகரங்கள். 1850-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் நூற்பு, நெசவு ஆலைகளில் சனிக்கிழமை பிற்பகல் 2 மணியுடன் வேலையை நிறுத்த வைத்தது. வேலை நேரக் குறைப்புக்காக நடந்த நீண்ட போராட்டத்தின் பலன் அது. அந்தச் சனிக்கிழமைப் பிற்பகலில்தான் கால்பந்து வளர்ந்தது. ஆட்டங்கள் பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கும் மரபு இன்றும் அங்கே தொடர்வது அதனால்தான்.

இன்று உலகப் பெரும் வணிகச் சின்னங்களாகத் திகழும் கிளப்புகளின் பிறப்பிடங்களைப் பாருங்கள். மான்செஸ்டர் யுனைடெட் 1878-இல் நியூட்டன் ஹீத் என்ற இடத்தில் ரயில்வே தொழிலாளர்கள் தொடங்கிய அணி. ஆர்சனல் 1886-இல் வூல்விச் படைக்கலத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் தொடங்கியது. வெஸ்ட் ஹாம் 1895-இல் தேம்ஸ் கரையில் கப்பல் கட்டும் இரும்பாலையில் பிறந்தது. 1883-இல் பிளாக்பர்ன் ஒலிம்பிக் என்ற அணி, சீமான் வீட்டுப் பிள்ளைகள் படித்த ஈட்டன் பள்ளியின் பழைய மாணவர் அணியை வீழ்த்தி எஃப்.ஏ. கோப்பையை வென்றது. அந்த அணியில் நெசவாளர்களும் ஆலைத் தொழிலாளர்களும் ஆடினர். உழைக்கும் வர்க்கத்து அணி ஒன்று அந்தக் கோப்பையை வென்றது அதுவே முதல் முறை.

கிளப்புகள் கம்பெனிகளாக மாறத் தொடங்கிய காலத்திலும், அவற்றிலிருந்து லாபம் எடுப்பதற்கு வரம்பு இருந்தது. இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தின் விதிகள் பங்குதாரருக்குத் தரும் ஈவுத்தொகையை மட்டுப்படுத்தின. இயக்குநர்கள் ஊதியம் பெறவும் நீண்ட காலம் தடை இருந்தது. கிளப் என்பது ஊரின் பொதுச் சொத்து, பணம் பண்ணும் இடமல்ல என்ற எண்ணம் அவ்விதியில் இருந்தது. 1983-இல் டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பர் கிளப் அந்த விதிக்கு உட்படாத தாய்க் கம்பெனி ஒன்றை உருவாக்கி, அதை லண்டன் பங்குச்சந்தையில் பட்டியலிட்டது. தாட்சர் காலத்துத் தனியார்மயம் கால்பந்துக்குள் நுழைந்த கதவு அது. 1992-இல் பெரிய கிளப்புகள் தொலைக்காட்சிப் பணத்தைத் தமக்குள்ளேயே பங்கிட்டுக்கொள்ளும் வகையில் பிரீமியர் லீக்கை அமைத்தன.

மறுபுறம் வீரர்களும் சும்மா இருக்கவில்லை. எத்தனை ஆயிரம் பேர் சீட்டு வாங்கிப் பார்த்தாலும், வாரத்துக்கு 20 பவுண்டுக்கு மேல் ஒரு வீரருக்குக் கொடுக்கக் கூடாது என்ற உச்சவரம்பு இங்கிலாந்தில் இருந்தது. வீரர் சங்கம் வேலைநிறுத்தம் செய்வோம் என்று அறிவித்த பிறகு, 1961-இல் அது நீக்கப்பட்டது. ஒப்பந்தம் முடிந்த பின்னும் வீரரைத் தன் பிடியில் வைத்துக்கொள்ளும் கிளப்பின் அதிகாரம், பெல்ஜிய வீரர் போஸ்மான் தொடுத்த வழக்கில் 1995 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் அளித்த தீர்ப்பால் முறிந்தது. இன்று சில நட்சத்திர வீரர்கள் பெறும் பெருந்தொகையைக் காட்டி, எல்லா வீரர்களையும் கோடீஸ்வரர்கள் என்று சித்திரிக்கிறார்கள். உலகெங்கும் பெரும்பான்மை வீரர்கள் குறுகிய கால ஒப்பந்தத்தில், காயம் பட்டால் வாழ்வே முடங்கும் நிலையில் உழைப்பவர்கள்தான்.

வரவும் செலவும்

ஒரு கிளப்புக்கு வரும் பணம் நான்கு வழிகளில் வருகிறது: நுழைவுச்சீட்டு, ஒளிபரப்பு உரிமை, விளம்பரம், வீரர்களை வேறு கிளப்புக்கு மாற்றிக் கொடுப்பதால் வரும் தொகை. செலவில் பெரும்பகுதி ஊதியம். ஐரோப்பிய லீக்குகளில் கடைசி இடங்களில் நிற்கும் அணிகள் கீழ்ப் பிரிவுக்கு இறக்கப்படும். இறங்கினால் ஒளிபரப்புப் பணம் சரிந்துவிடும். அந்த அச்சத்தில் ஒவ்வொரு கிளப்பும் தன் வரவுக்கு மேல் செலவிட்டு வீரர்களைச் சேர்க்கிறது. மேல் நிலையில் இருப்பது இறங்காமல் இருக்கச் செலவிடுகிறது. கீழ்ப் பிரிவில் இருப்பது ஏறுவதற்குச் செலவிடுகிறது. அதனால்தான் உலகிலேயே மிக அதிக வருவாய் ஈட்டும் பிரீமியர் லீக்கின் கிளப்புகள்கூட, ஒட்டுமொத்தமாகப் பார்த்தால், பெரும்பாலான ஆண்டுகளில் இழப்பையே காட்டுகின்றன. போட்டியின் அராஜகம் மூலதனத்தை எப்படி அலைக்கழிக்கும் என்று நாம் படித்தது இங்கே கண்ணெதிரில் தெரிகிறது.

அமெரிக்க லீக்குகள் இதற்கு வேறொரு வழி கண்டன. அங்கே ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. குறிப்பிட்ட எண்ணிக்கையிலான உரிமம் பெற்றவர்கள் மட்டுமே ஆடுவார்கள். வீரர்களுக்கான மொத்த ஊதியத்துக்கு உச்சவரம்பு உண்டு. அதாவது முதலாளிகள் தமக்குள் போட்டியை நிறுத்திக்கொண்டு ஏகபோகமாக ஒன்றுசேர்ந்தால், விளையாட்டில் நிலையான லாபம் கிடைக்கும். சுதந்திரச் சந்தையைப் போற்றும் நாட்டிலேயே விளையாட்டு முதலாளிகள் சுதந்திரப் போட்டியை நம்பவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2021 ஏப்ரலில் ஐரோப்பாவின் 12 பெருங்கிளப்புகள் தமக்கென ஒரு சூப்பர் லீக்கை அறிவித்தன. நிறுவனக் கிளப்புகளுக்கு அதில் நிரந்தர இடம், இறக்கம் கிடையாது. இங்கிலாந்து ரசிகர்கள் மைதானங்களின் வாயில்களில் திரண்டார்கள். இரண்டு நாட்களுக்குள் அந்நாட்டின் 6 கிளப்புகளும் பின்வாங்கின. மூலதனத்தின் முடிவை மக்கள் திரண்டு முறியடிக்க முடியும் என்பதற்கு அது அண்மைக்கால எடுத்துக்காட்டு.

வெங்கடேஸ்வரரின் பெயரும் பிளாக்பர்ன் நகரும்

இனி நம் மண்ணுக்கு நெருக்கமான ஒரு வரலாற்றைச் சொல்கிறேன். திருமலைக் கடவுளின் பெயரைத் தாங்கிய வெங்கடேஸ்வரா ஹேட்சரீஸ் நிறுவனத்தை 1971-இல் பி.வி.ராவ் தொடங்கினார். இன்று புனேயைத் தலைமையிடமாகக் கொண்ட பெரிய கோழிப்பண்ணைக் குழுமம் அது. 'வெங்கீஸ்' என்ற பெயரை அறியாதவர் இங்கே இருக்க மாட்டார்கள். 2010 நவம்பரில் அக்குழுமம் இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ரோவர்ஸ் கிளப்பை 2.3 கோடி பவுண்டுக்கு வாங்கியது. கிளப்பின் கடனும் அதனுடன் சேர்ந்து வந்தது.

பிளாக்பர்ன் லங்காஷயரின் பருத்தி நகரங்களில் ஒன்று. அங்கே இயந்திரத் தறி ஓடியபோதுதான் இந்தியாவின் கைத்தறி அழிந்தது. வெங்கடகிரி நெசவாளரின் முன்னோர் பட்ட துயரில் லங்காஷயருக்குப் பங்குண்டு. பின்னர் அந்த ஆலைகளும் மூடப்பட்டன. ஆலைகள் போன ஊரில் மக்களுக்குப் பெருமை தர எஞ்சிய ஒன்று கால்பந்து கிளப். உள்ளூர் எஃகு வணிகர் ஜாக் வாக்கர் கொட்டிய பணத்தில் அந்தக் கிளப் 1995-இல் பிரீமியர் லீக்கை வென்றது.

வெங்கீஸ் வாங்கிய இரண்டாவது ஆண்டிலேயே, 2012 மே மாதத்தில், அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. அந்த ஆட்டத்தின் போது கோபமுற்ற ரசிகர்கள் ஓர் உயிருள்ள கோழியை மைதானத்துக்குள் விட்டனர். 2017-இல் அணி மூன்றாம் பிரிவுக்கும் இறங்கி, அடுத்த ஆண்டு இரண்டாம் பிரிவுக்குத் திரும்பியது. இந்த ஆண்டுகளில் உடைமையாளர்கள் கிளப்புக்குள் செலுத்திய பணம் ஏறத்தாழ 20 கோடி பவுண்டு. அண்மை ஆண்டுகளில் இந்தியாவில் அமலாக்கத் துறையின் விசாரணை காரணமாக, அங்கே பணம் அனுப்ப டெல்லி உயர் நீதிமன்றத்தின் அனுமதியை நாட வேண்டி வந்தது. ஓர் ஊரின் கிளப் அடுத்த மாதச் செலவுக்கு ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள நீதிமன்ற உத்தரவை எதிர்பார்த்து நிற்கும் நிலை! அந்நகர மக்களுக்கு இதில் வாக்கும் இல்லை, குரலும் இல்லை.

இக்கணக்கைப் பார்ப்பவர், கிளப் வாங்குவது மூடத்தனம் என்றே சொல்வார். ஆனால் வாங்கிய புதிதில் பிளாக்பர்ன் வீரர்கள் வெங்கீஸ் கோழிக்கறி உண்ணும் விளம்பரப் படம் இந்தியத் தொலைக்காட்சியில் வந்தது. கிளப்பின் புகழ் கோழி விற்க உதவியது. அந்த ஆதாயம் கிளப்பின் கணக்கில் பதியாது. மறுபக்கம், பிளாக்பர்னில் பிறந்து, ஆறு வயது முதல் அக்கிளப்பின் பயிற்சிப் பள்ளியில் வளர்ந்த ஆடம் வார்ட்டன் என்ற இளைஞர் 2024 பிப்ரவரியில் சுமார் 1.8 கோடி பவுண்டுக்குக் கிரிஸ்டல் பேலஸ் கிளப்புக்கு மாற்றப்பட்டார். ஊர்ப் பிள்ளையை வளர்த்தெடுத்த ஊர், அவன் ஆட்டத்தைப் பார்க்கும் வாய்ப்பை இழந்து கிளப்பின் ஓட்டையை அடைத்தது.

கறிக்கோழி ஒப்பந்தப் பண்ணை முறையை நீங்கள் அறிவீர்கள். குஞ்சும் தீவனமும் கம்பெனியுடையவை. கொட்டகை, மின்கட்டணம், உழைப்பு எல்லாம் விவசாயியுடையவை. அவருக்குக் கிடைப்பது கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்ற வளர்ப்புக் கூலி. சந்தை நன்றாக இருந்தால் ஆதாயம் மேலே செல்லும். நோய் வந்தால், வெயிலில் கோழி செத்தால், இழப்பு கீழே இறங்கும். ஆதாயத்தை ஒருவர் எடுத்துக்கொண்டு ஆபத்தை மற்றவர் தலையில் ஏற்றும் இந்த அமைப்பைத்தான் கால்பந்திலும் காண்கிறோம்.

ஆதாயம் வரும் மூன்று வழிகள்

முதல் வழி, விலையேற்றம். நம் நெடுஞ்சாலை ஓரங்களில் ஒரு மூட்டை நெல்லும் விளையாத தரிசு நிலத்தை வாங்கிப் போடுபவர்களைப் பார்க்கிறோம். விளைச்சலை நம்பியா வாங்குகிறார்கள்? மனை விலை ஏறும் என்று வாங்குகிறார்கள். பெரிய கிளப்புகளும் அப்படித்தான். ரஷ்யக் கோடீஸ்வரர் அப்ரமோவிச் 2003-இல் செல்சி கிளப்பை 14 கோடி பவுண்டுக்கு வாங்கினார். 19 ஆண்டுகளில் சுமார் 150 கோடி பவுண்டைக் கடனாகக் கிளப்புக்குள் செலுத்தினார். ஆண்டுக் கணக்குகள் பெரும்பாலும் இழப்பையே காட்டின. 2022-இல் கிளப் விற்கப்பட்ட விலை 250 கோடி பவுண்டு. உக்ரைன் போரையொட்டிய தடைகளால் அத்தொகை அவர் கைக்குச் செல்லவில்லை என்பது வேறு. ஆண்டுதோறும் இழப்பைக் காட்டிய ஒரு பொருள், போட்ட பணத்துக்கு மேல் விலைபோனது என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

இரண்டாவது வழி, கடனைக் கிளப்பின் தலையில் ஏற்றுவது. 2005-இல் அமெரிக்காவின் கிளேசர் குடும்பம் மான்செஸ்டர் யுனைடெட்டை 79 கோடி பவுண்டு மதிப்பில் கைப்பற்றியது. அதில் பெரும்பகுதி கடன். அதில் பெரும்பங்கு கிளப்பின் மீதே சுமத்தப்பட்டது. அதுவரை கடனின்றி இருந்த கிளப், தன்னை வாங்கியவர் பட்ட கடனுக்குத் தானே வட்டி கட்டி வருகிறது. வெறுத்துப்போன ரசிகர்கள் சிலர் அதே ஆண்டில் எஃப்.சி. யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர் என்ற, உறுப்பினர்களுக்கே உரிய கிளப்பைத் தொடங்கினர். ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரு வாக்கு. 2024-இல் வேதிப்பொருள் தொழிலதிபர் ராட்கிளிஃப் மான்செஸ்டர் யுனைடெட்டில் கால் பங்குக்குச் சற்று அதிகமாக வாங்கினார். இழப்பைக் குறைப்பதாகச் சொல்லி அந்த ஆண்டிலேயே சுமார் 250 ஊழியர்களின் வேலை பறிக்கப்பட்டது. இழப்பு வந்த வழி வட்டியும் தவறான நிர்வாகமும். அதற்கு விலை கொடுத்தவர்கள் அலுவலகத்திலும் மைதானத்திலும் உழைத்தவர்கள்.

மூன்றாவது வழி, செல்வாக்கு. விளம்பரம், அரசாங்கங்களுடன் நெருக்கம், கறைபட்ட பெயரைக் கழுவிக்கொள்ளும் வாய்ப்பு ஆகியவை கிளப்பின் கணக்கேட்டில் எழுதப்படுவதில்லை. வளைகுடா ஆட்சியாளர்கள் ஐரோப்பியக் கிளப்புகளை வாங்குவது சீட்டு விற்ற பணத்துக்காக அல்ல.

இந்தியக் காட்சி

நம் நாட்டில் கால்பந்து உச்சத்தில் இருந்த காலம் எது? 1951-லும் 1962-லும் ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றோம். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றோம். அந்த அணிகளைப் பயிற்றுவித்தவர் ஐதராபாத்தின் சையது அப்துல் ரஹீம். அவர் வளர்த்த ஐதராபாத் காவல்துறை அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது. செகந்திராபாத் அருகே ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்த துளசிதாஸ் பலராம் மெல்போர்னிலும், 1960 ரோம் ஒலிம்பிக்கிலும், 1962 ஜகார்த்தாவிலும் நாட்டுக்காக ஆடினார். கொல்கத்தாவில் ஈஸ்ட் பெங்கால் அணிக்கு ஆடிய அவர், பின்னர் ரயில்வே அணியில் சேர்ந்தார். திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற ஐ.எம்.விஜயனுக்குக் கேரளக் காவல்துறை வேலை கொடுத்தது. அந்த அணி 1990-லும் 1991-லும் ஃபெடரேஷன் கோப்பையை வென்றது. சென்னையில் ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி போன்ற அணிகள் இருந்தன.

இந்த அணிகள் எவையும் லாபத்துக்காக நடத்தப்படவில்லை. வீரர் ஆடும் வரை ஆடுவார்; பின்னர் அலுவலகத்தில் வேலை பார்ப்பார்; ஓய்வூதியம் உண்டு. வறிய வீட்டுப் பிள்ளை துணிந்து பந்தைத் தொட முடிந்தது அந்தப் பணிப் பாதுகாப்பினால்தான். அந்த அமைப்பில் குறைகள் இல்லை என்று சொல்ல மாட்டேன். பயிற்சி வசதிகள் பின்தங்கியிருந்தன. சங்கங்களின் நிர்வாகம் சிலரின் பிடியில் இருந்தது. ஆனால் அதற்குப் பதிலாக வந்தது என்ன?

1997-இல் தொழில்முறைக் கிளப் என்ற முழக்கத்துடன் கொச்சியில் எஃப்.சி. கொச்சின் தொடங்கப்பட்டு, அந்த ஆண்டே டுராண்ட் கோப்பையை வென்றது. சில ஆண்டுகளிலேயே பணமின்றி முடங்கியது. முதல் தேசியக் கால்பந்து லீக்கை வென்ற பஞ்சாப் பக்வாராவின் ஜே.சி.டி. ஆலை அணி 2011-இல் கலைக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு மும்பையின் மஹிந்திரா யுனைடெட் கலைக்கப்பட்டது. 2018-19 ஐ-லீக்கை வென்ற சென்னை சிட்டி அணி கோயம்புத்தூரைத் தன் களமாகக் கொண்டிருந்தது. சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் அதில் 26 விழுக்காடு பங்கு வாங்கியது. இன்று தேசிய லீக்குகளில் அந்த அணியே இல்லை.

2010 டிசம்பரில் அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் தன் வணிக உரிமைகள் அனைத்தையும் 15 ஆண்டுகளுக்கு 700 கோடி ரூபாய்க்கு ஐ.எம்.ஜி.-ரிலையன்ஸ் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. அதன் வழியே 2014-இல் இந்தியன் சூப்பர் லீக் பிறந்தது. உரிமம் பெற்ற கிளப்புகள் மட்டும் ஆடும் அமெரிக்கப் பாணியில், இறக்கம் இல்லாமல் அது தொடங்கப்பட்டது. திரைநட்சத்திரங்களும் கிரிக்கெட் வீரர்களும் உடைமையாளர் வரிசையில் நிறுத்தப்பட்டனர். காலப்போக்கில் லீக்கை நடத்துவதும், அதை ஒளிபரப்புவதும் ஒரே குழுமத்தின் குடைக்குள் வந்தன.

ஆனால் ஐ.பி.எல். போலப் பணம் கொட்டவில்லை. ஐ.பி.எல். கிரிக்கெட்டின் 2023 முதல் 2027 வரையிலான ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. கால்பந்துக்கோ, புதிய ஒப்பந்தத்துக்காகச் சம்மேளனம் 2025 அக்டோபரில் ஒப்பந்தப்புள்ளி கோரி, ஆண்டுக்குக் குறைந்தது 37.5 கோடி ரூபாய் என்று நிர்ணயித்தபோது, நவம்பர் 7-ஆம் தேதிக் கெடு முடியும் வரை ஒருவர்கூட முன்வரவில்லை. கிளப்புகள் ஆண்டுதோறும் கோடிக்கணக்கில் உரிமக் கட்டணம் செலுத்தின. திரும்ப வந்தது குறைவு. ஆகவே கிளப்புகள் இழப்பில் ஓடின என்பது பொய்யல்ல. விலையேற்றத்தை நம்பி நீடித்தார்கள். 2025 டிசம்பர் 8-ஆம் தேதி பழைய ஒப்பந்தம் காலாவதியாகவிருந்தது. அதன்பின் என்ன என்று அப்போது எவருக்கும் தெரியவில்லை. ஒப்பந்தம் இல்லையென்றால் உரிமத்துக்கு விலை ஏது? 2025 ஜூலையில் லீக் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்ட் தொடக்கத்தில் பெங்களூரு எஃப்.சி. வீரர்களின் ஊதியத்தைக் காலவரையின்றி நிறுத்தியது, ஒடிசா எஃப்.சி. ஒப்பந்தங்களை இடைநிறுத்தியது; சென்னையின் எஃப்.சி.யும் அதே வழியில் சென்றது. பெங்களூரு கிளப்பின் தாய்க்குழுமம் நாட்டின் முன்னணி எஃகு நிறுவனங்களில் ஒன்று என்பதை நினைவில் கொள்ளுங்கள். குழுமத்தின் லாபம் வேறு கம்பெனியில். இழப்பு மட்டும் கிளப் கம்பெனியில். ஊதிய பாக்கியைக் கேட்கும் வீரர், அந்தப் பெருங்குழுமத்தின் வாசலைத் தொட முடியாது.

மான்செஸ்டர் சிட்டியை நடத்தும் அபுதாபிக் குழுமம் 2019-இல் மும்பை சிட்டி கிளப்பின் 65 விழுக்காடு பங்கை வாங்கியிருந்தது. 2025 டிசம்பரில் அது பங்கைக் கைவிட்டு வெளியேறியது. 2021-22 பருவத்தில் லீக்கை வென்ற ஐதராபாத் எஃப்.சி., அடுத்த சில ஆண்டுகளில் வீரர்களுக்கு ஊதியம் தர முடியாமல் தவித்தது, கைமாறியது, 2025-இல் பெயரையே மாற்றிக்கொண்டு டெல்லிக்குப் போய்விட்டது. வரிச்சலுகை முடிந்ததும் இயந்திரங்களைக் கழற்றிக்கொண்டு வேறு மாநிலத்துக்குச் செல்லும் ஆலையை நாம் பார்த்திருக்கிறோம். ரஹீமின் ஊர் அணியும் அப்படித்தான் லாரி ஏறியது.

2026 ஜனவரி 6-ஆம் தேதி ஒன்றிய விளையாட்டு அமைச்சர் தலையிட்டு, பிப்ரவரி 14 முதல் 14 கிளப்புகளுடன் லீக் நடைபெறும் என்று அறிவிக்க வேண்டி வந்தது. ஆதாயம் இருந்தவரை அரசு விலகி நிற்க வேண்டும் என்றவர்கள், ஆபத்து வந்ததும் அரசின் வாசலில் நின்றார்கள்.

முதலாளி இல்லாவிட்டால் ஆட்டம் இல்லையா?

தோழர்கள் ஊர்களில் இக்கேள்வியைச் சந்திப்பீர்கள். தனியார் பணம் வந்ததால்தான் நல்ல புல்தரைகளும் வெளிநாட்டுப் பயிற்சியாளர்களும் இளையோர் அணிகளும் வந்தன என்பார்கள். அதில் உண்மை உண்டு, மறுக்க வேண்டியதில்லை. அப்பணம் தங்குமா, யாருடைய கட்டுப்பாட்டில் தங்கும் என்பதே நம் கேள்வி.

மாற்று வழி கற்பனையல்ல. உலகின் மிகப்பெரிய கிளப்புகளான பார்சிலோனாவும் ரியல் மாட்ரிடும் இன்றும் உறுப்பினர்களுக்கே உரியவை. தலைவரை உறுப்பினர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஜெர்மனியில் கிளப் கம்பெனியின் வாக்குரிமையில் பாதிக்கும் மேல் உறுப்பினர் சங்கத்திடமே இருக்க வேண்டும் என்ற விதி 1998 முதல் உள்ளது. அவற்றிலும் கோளாறுகள் உண்டு. பார்சிலோனா பெருங்கடனில் சிக்கியது; ஜெர்மன் விதியைச் சுற்றிச் சென்று லைப்சிக் நகரில் ஒரு பானக் கம்பெனி தன் அணியை நிறுவியது. ஆனால் அங்கே தவறு செய்தவரை உறுப்பினர்கள் பதவியிலிருந்து இறக்க முடியும். ஊரை விட்டுக் கிளப்பைப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது.

நம் நாட்டிலும் 1889-இல் தொடங்கிய மோகன் பகான் உறுப்பினர்களின் சங்கமாக வளர்ந்ததே. 1911 ஜூலை 29 அன்று வெறுங்காலுடன் ஆடி ஆங்கிலேயப் படை அணியை அது வென்றது விடுதலை வரலாற்றின் ஒரு பக்கம். 2020-இல் அதன் கால்பந்துப் பிரிவின் 80 விழுக்காடு ஒரு பெருங்குழுமத்திடம் சென்றது. கிளப்பின் பெயருக்கு முன்னால் வேறு பெயரும் ஒட்டப்பட்டது. ரசிகர்கள் ஓயாமல் போராடி, 2023-இல் அந்த முன்னொட்டை நீக்க வைத்தனர். உடைமையை மீட்கவில்லை, பெயரை மீட்டார்கள். அதுவும் ஒரு தொடக்கமே.

நம் கோரிக்கைகள்

முதலாவது, ஊதியப் பாதுகாப்பு. உரிமம் பெறும் ஒவ்வொரு கிளப்பும் வீரர், பயிற்சியாளர், மைதான ஊழியர் அனைவரின் பருவ ஊதியத்துக்கும் முன்கூட்டியே வங்கி உத்தரவாதம் செலுத்த வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் கால வரையறைப் பணியை எல்லாத் தொழில்களிலும் இயல்பாக்குகின்றன. கால வரையறைப் பணி என்றால் என்னவென்று ஊதியம் நிறுத்தப்பட்ட கால்பந்து வீரர்களைக் கேளுங்கள். ஸ்ரீசிட்டி ஆலைகளில் ஒப்பந்தத்தில் உழைக்கும் இளைஞரும், ஜெர்சி அணிந்த அந்த இளைஞரும் ஒரே வரிசையில் நிற்பவர்கள்.

இரண்டாவது, ரயில்வே, வங்கிகள், காவல்துறை, பொதுத்துறை நிறுவனங்கள் ஆகியவற்றின் விளையாட்டு ஒதுக்கீட்டை முழுமையாக நிரப்ப வேண்டும். பொதுத்துறையை விற்கும்போது விற்கப்படுவது ஆலை மட்டுமல்ல. அந்த ஆலையின் அணியும், அதில் சேரக் கனவு கண்ட பிள்ளையின் எதிர்காலமும் சேர்ந்தே விற்கப்படுகின்றன.

மூன்றாவது, கிளப்பை வேறு ஊருக்கு மாற்றுவதற்கும், பெயர் மாற்றுவதற்கும், விற்பதற்கும் ரசிகர்களின் பதிவுபெற்ற சங்கத்துக்கு வாக்குரிமை வேண்டும்.

நான்காவது, மைதானம். பள்ளித் திடலும் நகராட்சித் திடலும் கடைவளாகமாகவும் வாகன நிறுத்தமாகவும் மாறும் ஒவ்வொரு முறையும் நாம் தலையிட வேண்டும். நம் கிளைகள் இளைஞர் அமைப்புடன் சேர்ந்து தத்தம் பகுதியில் உள்ள திடல்களைக் கணக்கெடுத்து, அவற்றின் அளவையும் உரிமையையும் ஆவணப்படுத்தட்டும். தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் நம் பிள்ளைகள் ஒன்றாக ஓடி விளையாடும் திடல், சாதியையும் மொழியையும் காட்டிப் பிரிப்பவர்களுக்கு எதிரான களமும் ஆகும்.

இங்கிருந்து சிறிது தொலைவில்தான் ஸ்ரீஹரிகோட்டா உள்ளது. அதைத் தொடங்கிய நாளில், முதல் ஆண்டிலேயே லாபம் வருமா என்று கேட்டிருந்தால் ஒரு ராக்கெட்டும் எழும்பியிருக்காது. நாட்டுக்குத் தேவை என்று மக்கள் பணத்தில் செய்தோம். பலன் மக்களுக்கு வந்தது. பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் நூலகமும் அப்படியே. விளையாட்டையும் அந்த வரிசையில் வைக்கச் சொல்கிறோம். கால்பந்து கிளப் லாபம் தருமா என்று இனி எவரேனும் கேட்டால், யாருக்கு என்று திருப்பிக் கேளுங்கள். விவாதம் அங்கிருந்து தொடங்கட்டும்.